வெளிநாட்டில் கட்டாமல் விட்ட வண்டி ஃபைன்: வீட்டில் இருக்கும் நாம் தெரிந்து கொள்ள வேண்டியது



வடமதுரை, அய்யலூர், வேடசந்தூர் பகுதிகளில் மானாவாரியை நம்பிப் பிழைக்க முடியாதபோது ஆண்கள் நூல் மில்லுக்குப் போகிறார்கள், திருப்பூருக்குப் போகிறார்கள். இன்னும் கொஞ்சம் துணிந்தவர்கள் வெளிநாடு போகிறார்கள். குவைத்தில் வீட்டு டிரைவர், சவூதியில் லாரி டிரைவர், துபாயில் பைக்கில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை, சிங்கப்பூரில் கம்பெனி வேன் ஓட்டும் வேலை என்று நம் உறுப்பினர்களின் கணவரோ, மகனோ, தம்பியோ போயிருக்கிறார்கள்.

அவர்கள் போவதற்கான பணத்தைப் பெரும்பாலும் நாம்தான் புரட்டிக் கொடுத்திருக்கிறோம். குழுவில் கடன் வாங்கினோம், நகையை அடகு வைத்தோம். அதனால் அங்கே அவர் வண்டிக்கு விழும் ஒரு ஃபைன் இங்கே நம் குழுவின் கடன் நோட்டையும் தொடும்.

கூட்டங்களுக்குப் போகும்போது உறுப்பினர்கள் இதைப் பற்றி எங்களிடம் கேட்பது உண்டு. "மேடம், எங்க வீட்டுக்காரரு ஃபைன் கட்டாமலே ஊருக்கு வந்துட்டாரு. போலீசு இங்க வருமா?" என்று ஒருவர் கேட்பார். "தம்பி திரும்பப் போகணும்ங்கறான், பாக்கி கெடக்கு, விடுவாங்களா?" என்று இன்னொருவர் கேட்பார். எல்லோருக்கும் பயன்படட்டும் என்று இந்த இதழில் விளக்கமாக எழுதுகிறோம்.

முதலில் ஒன்றைச் சொல்லி விடுகிறோம். அங்கே கட்டாமல் விட்ட ஃபைன் நம்மைத் தேடி வடமதுரைக்கு வராது. ஆனால் அழிந்தும் போகாது. அந்த நாட்டு கம்ப்யூட்டரில் அவர் பெயரில் அப்படியே இருக்கும். விசா புதுப்பிக்கும்போதும், ஊருக்கு விமானம் ஏறும்போதும், மறுபடி வேலைக்குப் போகும்போதும் முன்னால் வந்து நிற்கும்.

ஃபைன் வேறு, கேஸ் வேறு

நம் ஊரிலேயே இப்போது இந்த முறை வந்துவிட்டது. ஹெல்மெட் போடாமல் போனால் தமிழ்நாட்டில் முன்பு 100 ரூபாய் அபராதம். 2022 அக்டோபரிலிருந்து 1,000 ரூபாய். போலீஸ்காரர் மறித்து நிறுத்தக்கூட வேண்டியதில்லை. நம்பர் பிளேட்டைப் படம் பிடித்தால் செல்போனுக்கே தகவல் வந்துவிடுகிறது.

வளைகுடா நாடுகளில் இந்த முறை பல வருடங்களாகவே நடக்கிறது. சவூதியில் 'சாஹர்' என்ற கேமரா முறை 2010லேயே வந்துவிட்டது. வேகமாகப் போனாலும், சிவப்பு விளக்கைத் தாண்டினாலும், பெல்ட் போடாவிட்டாலும் கேமரா பிடித்துவிடும். ஓட்டியவருக்கு அந்த நேரத்தில் தெரியாது. அரபு நாடுகளில் வேலை செய்பவர்கள் இதை 'முகாலஃபா' என்பார்கள். சிங்கப்பூர், மலேசியாவில் 'சம்மன்' என்பார்கள். வீட்டுக்காரர் போனில் இந்த வார்த்தைகளைச் சொன்னால் கவனித்துக் கேளுங்கள்.

இது வெறும் ஃபைனாக இருக்கும் வரை பணத்தைக் கட்டினால் முடிந்துவிடும். குடித்துவிட்டு ஓட்டினாலோ, விபத்தில் ஒருவர் காயம்பட்டாலோ இறந்தாலோ அது கேஸ். கேஸ் என்றால் நீதிமன்றம், பயணத் தடை, சில நேரம் சிறை. ஐக்கிய அரபு அமீரகத்தில் (துபாய், அபுதாபி, ஷார்ஜா எல்லாம் இதில் அடங்கும்) விபத்தில் ஒருவர் இறந்தால் அவர் குடும்பத்துக்குக் கொடுக்க வேண்டிய 'தியா' என்னும் இழப்பீடு 2 லட்சம் திர்ஹாம். நம் பணத்தில் 40 லட்சத்துக்கு மேல். முறையான லைசென்சும் வண்டிக்கு இன்சூரன்சும் இருந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி கட்டும். லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியிருந்தால் அந்தப் பணத்தை ஓட்டியவரிடமே திரும்பக் கேட்பார்கள். "லைசென்ஸ் அப்புறம் எடுத்துக்கலாம், இப்போ வண்டிய எடு" என்று யார் சொன்னாலும் ஒத்துக்கொள்ள வேண்டாம் என்று நம் வீட்டு ஆண்களிடம் சொல்லி அனுப்ப வேண்டும்.

தொகை எவ்வளவு?

"ஃபைன்தானே, நூறு இருநூறு இருக்கும்" என்று நினைத்தால் தவறு.

குவைத்தில் 2025 ஏப்ரல் 22 முதல் புதிய போக்குவரத்துச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. வண்டி ஓட்டும்போது செல்போன் பேசினால் முன்பு 5 தினார், இப்போது 75 தினார். பெல்ட் போடாவிட்டால் 30 தினார். சிவப்பு விளக்கைத் தாண்டினால் 150 தினார். ஒரு தினார் 250 ரூபாய்க்கு மேல் போகிறது. அப்படியென்றால் ஒரு முறை போன் பேசியதற்குப் பதினெட்டாயிரம் ரூபாய்க்கு மேல்! வீட்டு டிரைவருக்கு மாதம் 120 தினார் சம்பளம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு சிவப்பு விளக்கு அவருடைய ஒரு மாதச் சம்பளத்தையும் விழுங்கி அதற்கு மேலும் கேட்கும்.

ஐக்கிய அரபு அமீரகத்தில் வேகத்துக்கான அபராதம் 300 திர்ஹாமில் தொடங்கி 3,000 திர்ஹாம் வரை போகும். சிவப்பு விளக்கைத் தாண்டினால் 1,000 திர்ஹாம், லைசென்சில் 12 கரும்புள்ளி, வண்டியை 30 நாள் பிடித்து வைப்பார்கள். கரும்புள்ளி 24 ஆனால் லைசென்ஸ் நிறுத்தி வைக்கப்படும். ஒரு திர்ஹாம் 20 ரூபாய்க்கு மேல். டிரைவருக்கு லைசென்ஸ்தான் சோறு போடுகிறது. அது போனால் வேலையும் போகும்.

கட்டாமல் விட்டால் என்ன ஆகும்?

நாட்டுக்கு நாடு முறை மாறும். நம் ஊர்க்காரர்கள் அதிகம் போகும் நாடுகளை மட்டும் பார்ப்போம்.

குவைத்: 2023 ஆகஸ்ட் 19 முதல் வெளிநாட்டவர் யாராக இருந்தாலும் போக்குவரத்து ஃபைன் பாக்கி முழுவதையும் கட்டிய பிறகுதான் நாட்டை விட்டுக் கிளம்ப முடியும் என்று அறிவித்தார்கள். விமானத்தில் போனாலும் தரை வழியே போனாலும் இதுதான். அடுத்த சில வாரங்களில் கரண்ட், தண்ணீர், டெலிபோன் பாக்கிக்கும் இதே விதி வந்தது.

கத்தார்: ஃபைன் பாக்கி உள்ளவர்கள் 2024 செப்டம்பர் 1 முதல் அதைக் கட்டாமல் நாட்டை விட்டு வெளியே போக முடியாது என்று 2024 மே மாதம் அறிவிப்பு வந்தது. பழைய பாக்கியைத் தீர்க்க அந்த வருடம் பாதித் தொகைத் தள்ளுபடியும் கொடுத்தார்கள்.

சவூதி: இக்காமா புதுப்பிக்க, லீவில் வந்து திரும்பும் எக்ஸிட் ரீ-என்ட்ரி விசா எடுக்க, வேலையை முடித்து வரும் ஃபைனல் எக்ஸிட் எடுக்க, எல்லாவற்றுக்கும் போக்குவரத்து ஃபைன் பாக்கி தடையாக நிற்கும். 2024 ஏப்ரல் 18க்கு முந்தைய ஃபைன்களுக்கு 50 சதவீதம் தள்ளுபடி அறிவித்து, அதை 2025 ஏப்ரல் 18 வரை நீட்டித்தார்கள். அந்தக் கெடு முடிந்துவிட்டது. இன்னும் பாதி கட்டினால் போதும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

ஐக்கிய அரபு அமீரகம்: பாக்கி இருந்தால் வண்டியின் பதிவைப் புதுப்பிக்க முடியாது. துபாயில் விசா புதுப்பிக்கும்போதே போக்குவரத்து ஃபைனையும் தீர்க்கச் சொல்லும் முறையை 2025இல் கொண்டு வந்தார்கள். தவணையில் கட்டவும் வழி இருக்கிறது. அபுதாபியில் 60 நாளுக்குள் கட்டினால் 35 சதவீதமும், அதற்குப் பிறகு ஒரு வருடத்துக்குள் கட்டினால் 25 சதவீதமும் குறையும். பெரிய குற்றங்களுக்கு இந்தச் சலுகை கிடையாது.

சிங்கப்பூர்: குறித்த நாளுக்குள் சம்மனைக் கட்டாவிட்டால் நீதிமன்றத்துக்கு வரச் சொல்லி நோட்டீஸ் வரும். அதற்கும் போகாவிட்டால் கைது வாரண்ட் பிறப்பிக்கலாம். சின்னத் தொகை இப்படித்தான் பெரிய வழக்காகிறது.

இங்கே ஒரு சங்கடத்தையும் யோசித்துப் பார்க்க வேண்டும். ஊரில் அப்பாவோ அம்மாவோ இறந்துவிட்டார் என்று போன் போகிறது. மகன் அன்று இரவே திருச்சிக்கோ மதுரைக்கோ விமானம் ஏற வேண்டும். ஏர்போர்ட்டில் பாக்கி இருக்கிறது என்று நிறுத்துகிறார்கள். கையில் பணம் இருந்தால் கட்டிவிட்டு வரலாம். பணம் இல்லாவிட்டாலோ, விஷயம் கேஸாக மாறியிருந்தாலோ அந்த விமானம் போய்விடும். கொள்ளி வைக்க வேண்டிய மகன் அங்கே நிற்பான், இங்கே நாம் ஐஸ் பெட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். மூன்று மாதத்துக்கு ஒரு முறை பாக்கி இருக்கிறதா என்று பார்த்திருந்தால் இந்த நிலை வராது.

உறுப்பினர்கள் கேட்கும் கேள்விகள்

கேள்வி: ஃபைன் கட்டாம ஊருக்கு வந்துட்டாரு. போலீசு வீட்டுக்கு வருமா? வீட்டை ஜப்தி பண்ணுவாங்களா?

பதில்: வெறும் போக்குவரத்து ஃபைனுக்காக அப்படி நடக்காது. நம் நாட்டில் உரிமையியல் நடைமுறைச் சட்டம் என்று ஒன்று உள்ளது. அதில் 44ஏ என்ற பிரிவின்படி, இந்திய அரசு பட்டியலில் சேர்த்துள்ள சில நாடுகளின் நீதிமன்றத் தீர்ப்பை இங்குள்ள மாவட்ட நீதிமன்றத்திலேயே நிறைவேற்றலாம். சிங்கப்பூர் அந்தப் பட்டியலில் முன்பிருந்தே உள்ளது. ஐக்கிய அரபு அமீரகத்தை 2020 ஜனவரி 17 அன்று சேர்த்தார்கள். ஆனால் வரியும் அபராதமும் இதில் சேராது என்று அந்தப் பிரிவிலேயே எழுதியிருக்கிறது. நாடு கடத்தும் ஒப்பந்தங்களும் பெரிய குற்றங்களுக்குத்தான். ஐரோப்பாவில் ஒரு நாட்டில் விழுந்த அபராதம் 70 யூரோவுக்கு மேல் இருந்தால் இன்னொரு நாடு வசூலித்துக் கொடுக்க ஏற்பாடு உண்டு. நமக்கும் வளைகுடா நாடுகளுக்கும் இடையே அப்படி ஃபைன் வசூல் நடப்பதில்லை.

ஆனால் கவனியுங்கள்! அங்கே பேங்கில் வாங்கிய லோனும் கிரெடிட் கார்டு பாக்கியும் ஃபைன் கிடையாது, அவை கடன். துபாய் நீதிமன்றம் கடனுக்காகக் கொடுத்த தீர்ப்பைக் கொண்டுவந்து திண்டுக்கல் மாவட்ட நீதிமன்றத்தில் மனுப்போட இப்போது வழி இருக்கிறது. அது வீட்டையும் நிலத்தையும் தொடலாம். வீட்டுக்காரர் "அங்க கொஞ்சம் பாக்கி இருக்கு" என்று சொன்னால், ஃபைன் பாக்கியா, லோன் பாக்கியா என்று தெளிவாகக் கேளுங்கள்.

கேள்வி: புது பாஸ்போர்ட் எடுத்துட்டுப் போனா பழைய பாக்கி தெரியாதாமே?

பதில்: இது ஏஜெண்டுகள் சொல்லும் கதை. ஐக்கிய அரபு அமீரகத்தில் இருபது வருடத்துக்கும் மேலாகக் கண்ணைப் படம் பிடித்து ஆளை அடையாளம் காணும் கருவி வைத்திருக்கிறார்கள். குவைத்தில் வெளிநாட்டவரிடம் கைரேகை எடுக்கிறார்கள். பாஸ்போர்ட் நம்பர் மாறலாம், விரலும் கண்ணும் மாறாது. பெயரையோ பிறந்த தேதியையோ பொய்யாகக் கொடுத்து பாஸ்போர்ட் எடுத்தால் அதுவே நம் நாட்டில் குற்றம். 1967ஆம் வருடத்து பாஸ்போர்ட் சட்டப்படி இரண்டு வருடம் வரை சிறை கிடைக்கலாம். சில ஆயிரத்தை மிச்சம் பிடிக்கப் போய் ஜெயிலை விலைக்கு வாங்க வேண்டுமா?

கேள்வி: எங்க வீட்டுக்காரரு வண்டியே ஓட்டலையே, கட்டட வேலைதானே. எங்களுக்கு இது எதுக்கு?

பதில்: ரோட்டைக் குறுக்கே கடந்ததற்கும் ஃபைன் உண்டு. ஐக்கிய அரபு அமீரகத்தில் கண்ட இடத்தில் ரோட்டைக் கடந்தால் 400 திர்ஹாம். 2025 மார்ச் 29 முதல் வந்த புதிய சட்டப்படி, மணிக்கு 80 கிலோமீட்டரும் அதற்கு மேலும் வேகம் உள்ள சாலையைக் கடக்கக் கூடாத இடத்தில் கடந்தால் மூன்று மாதத்துக்குக் குறையாத சிறையும், 10,000 திர்ஹாமுக்குக் குறையாத அபராதமும் வரலாம். வேலை முடிந்த களைப்பில் கேம்ப்புக்குக் குறுக்கு வழியில் ஓடுகிறவர்கள்தான் இதில் மாட்டுகிறார்கள். கால் மணி நேரம் சுற்றினாலும் பாலத்தில் ஏறிப் போகச் சொல்லுங்கள்.

கேள்வி: விசா மன்னிப்பு குடுத்தாங்களே, அதுல இந்த ஃபைனும் போயிருக்கும்ல?

பதில்: இல்லை. ஐக்கிய அரபு அமீரகத்தில் 2024 செப்டம்பரிலிருந்து டிசம்பர் வரை கொடுத்த பொது மன்னிப்பு, விசா முடிந்தும் தங்கியிருந்தவர்களுக்கான அபராதத்துக்கு. வண்டி ஃபைன் கணக்கு வேறு. இரண்டையும் ஒன்றாக நினைத்து ஏமாற வேண்டாம்.

கேள்வி: வண்டி கபில் வண்டி. ஃபைன் யார் கட்டணும்?

பதில்: கேமரா நம்பர் பிளேட்டைத்தான் பார்க்கிறது. அதனால் ஃபைன் முதலில் வண்டி சொந்தக்காரர் பெயரில் போகும். பிறகு அவர் ஓட்டியவர் பெயருக்கு மாற்றலாம், அல்லது சம்பளத்தில் பிடிக்கலாம். நம்மவர் ஓட்டியிருந்தால் கட்டித்தான் ஆக வேண்டும். முதலாளியின் மகன் ஓட்டியதை நம்மவர் தலையில் கட்டினால்? அதற்கு ஆதாரம் வேண்டும். எந்தத் தேதி, எத்தனை மணிக்கு வண்டியை வாங்கினோம், எப்போது திருப்பிக் கொடுத்தோம் என்று ஒரு சின்ன நோட்டில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். சாவி கைமாறும்போது கிலோமீட்டரைச் செல்போனில் ஒரு படம் எடுத்து வைத்தால் போதும். குழு நோட்டை நாம் ஒழுங்காக எழுதுகிறோம் இல்லையா, அதே பழக்கம்தான். ஐக்கிய அரபு அமீரகச் சட்டப்படி கம்பெனி என்ன காரணம் சொன்னாலும் மொத்தத்தில் பாதிச் சம்பளத்துக்கு மேல் பிடிக்கக் கூடாது. முழுச் சம்பளத்தையும் பிடித்தால் புகார் செய்யலாம்.

பாக்கி இருக்கிறதா என்று பார்ப்பது எப்படி?

ஒவ்வொரு நாட்டு அரசும் இதற்கு ஒரு செயலி வைத்திருக்கிறது. சவூதியில் அப்ஷர், குவைத்தில் சஹேல், கத்தாரில் மெட்ராஷ், துபாயில் துபாய் போலீஸ் செயலி. செல்போனில் அவரே தன் அடையாள அட்டை எண்ணைப் போட்டுப் பார்க்கலாம். பார்ப்பதற்குப் பணம் கிடையாது. எந்த நாள், எந்த இடம், எவ்வளவு தொகை என்று வரும். தப்பாகப் போட்டிருந்தால் ஆட்சேபிக்கவும் வழி உண்டு, ஆனால் அதற்கு நாள் கெடு இருக்கிறது. சும்மா இருந்தால் கெடு போய்விடும்.

லீவுக்கு வருவதாக இருந்தால் டிக்கெட் போடுவதற்கு முன் ஒரு முறை பார்க்க வேண்டும். வேலையை முடித்து மொத்தமாக வருவதாக இருந்தால் கட்டாயம் பார்த்து, கட்டிய ரசீதையும் கையோடு கொண்டு வர வேண்டும்.

ஏமாற்றுப் பேர்வழிகள் ஜாக்கிரதை

"உங்க வீட்டுக்காரரு ஃபைன் கட்டாம ஏர்போர்ட்ல புடிபட்டுட்டாரு, உடனே இருபதாயிரம் கூகுள் பேல போடுங்க" என்று யாராவது போன் செய்தால் பதறி விடாதீர்கள். எந்த நாட்டுப் போலீசும் குடும்பத்துப் பெண்களின் செல்லுக்கு அடித்து கூகுள் பேயில் பணம் கேட்காது. போனை வைத்துவிட்டு வீட்டுக்காரர் நம்பருக்கும், அவருடன் தங்கியிருப்பவர் நம்பருக்கும் அடித்துப் பாருங்கள். அதே மாதிரி, "உங்கள் வண்டிக்கு அபராதம்" என்று வாட்ஸ்அப்பில் வரும் ஃபைலைத் தொடாதீர்கள். தொட்டால் போனில் உள்ள பேங்க் விவரமே திருடு போகலாம். ஓடிபி எண்ணை யாருக்கும் சொல்லக் கூடாது. பணம் போய்விட்டால் நேரம் கடத்தாமல் 1930 என்ற எண்ணுக்கு அடித்துப் புகார் சொல்ல வேண்டும்.

உதவி எங்கே கிடைக்கும்?

சென்னையில் தமிழ்நாடு அரசின் அயலகத் தமிழர் நலன் மற்றும் மறுவாழ்வுத் துறை ஆணையரகம் இருக்கிறது. ஊரிலிருந்தே 1800 309 3793 என்ற கட்டணமில்லா எண்ணில் பேசலாம், தமிழிலேயே பேசலாம். இந்திய வெளியுறவுத் துறை 2015இல் தொடங்கிய 'மதத்' இணையதளத்தில் குடும்பத்தினரே புகார் பதிவு செய்யலாம். கம்ப்யூட்டர் தெரிந்த மகள் அல்லது இ-சேவை மைய உதவியுடன் செய்துவிடலாம்.

துபாய் பக்கம் இருப்பவர்கள் அங்கிருந்து 80046342 என்ற எண்ணில் இந்தியத் தொழிலாளர் உதவி மையத்துடன் பேசலாம், கட்டணம் இல்லை. ஒவ்வொரு இந்தியத் தூதரகத்திலும் இந்தியச் சமுதாய நல நிதி என்று ஒரு நிதி 2009 முதல் இருக்கிறது. வசதியில்லாத தொழிலாளி தன் தப்பில்லாமல் சிக்கிக்கொண்டால், சிறு அபராதத்தைக் கட்டி மீட்கவும் வக்கீல் உதவிக்கும் இந்த நிதியைப் பயன்படுத்த விதி இருக்கிறது. தானாக வராது, மனுக் கொடுத்துக் கேட்க வேண்டும். வேண்டுமென்றே செய்த குற்றத்துக்குக் கிடைக்காது.

குழு இதற்குக் கடன் கொடுக்கலாமா?

சில குழுக்களில் "ஃபைனுக்கெல்லாம் கடன் கிடையாது" என்று சொல்லி விடுகிறார்கள். நாங்கள் சொல்வது, யோசித்து முடிவெடுங்கள் என்பதுதான். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 20,000 ரூபாய் ஃபைன். குழுவில் நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி என்றால் மாதம் 200 ரூபாய். வெளியே அஞ்சு வட்டிக்கு வாங்கினால் மாதம் 1,000 ரூபாய். அசலே கட்டாமல் பத்து மாதம் ஓடினால் குழுவுக்கு வட்டி 2,000, வெளியாளுக்கு வட்டி 10,000. குழு கைவிட்டால் அந்தச் சகோதரி கந்து வட்டிக்காரரிடம்தான் போவார். பிறகு குழுச் சேமிப்பும் நின்றுபோகும், பழைய கடன் தவணையும் நின்றுபோகும்.

ஆனால் கண்ணை மூடிக்கொண்டும் கொடுக்க வேண்டாம். அரசுச் செயலியில் வந்த தொகையை அவர் படம் எடுத்து அனுப்பட்டும். அதைக் கூட்டத்தில் எல்லோரும் பார்த்து, தீர்மானம் எழுதி, அந்தத் தொகையை மட்டும் கொடுங்கள். கட்டிய ரசீது அடுத்த கூட்டத்துக்குள் வர வேண்டும். ஏஜெண்டு கையில் பணம் கொடுக்கவே கூடாது.

ஒவ்வொரு குழுவும் செய்ய வேண்டியவை

1. வெளிநாட்டில் ஆள் இருக்கும் உறுப்பினர்கள் யார் யார் என்று ஒரு பட்டியல் எடுங்கள். எந்த நாடு, என்ன வேலை, விசா எப்போது முடிகிறது என்று எழுதுங்கள்.

2. அவருடைய பாஸ்போர்ட், விசா, அங்குள்ள அடையாள அட்டை, லைசென்ஸ் ஆகியவற்றின் நகல் வீட்டில் இருக்க வேண்டும். செல்லில் மட்டும் வைக்காதீர்கள், ஜெராக்ஸ் எடுத்து பெட்டியில் வையுங்கள். அசல் ஆவணமோ நகலோ வேறு யாரிடமும் கொடுக்காதீர்கள்.

3. அவருடன் தங்கியிருக்கும் ஒருவரின் போன் நம்பராவது நம்மிடம் இருக்க வேண்டும்.

4. மூன்று மாதத்துக்கு ஒரு முறை, "வண்டி ஃபைன் பாத்தீங்களா?" என்று கேளுங்கள். திட்டுகிற மாதிரிக் கேட்டால் மறைத்து விடுவார்கள். வீட்டுக் கணக்குக் கேட்கிற மாதிரிக் கேளுங்கள்.

5. புதிதாகப் போகிறவர் இருந்தால், குழுக் கடன் கொடுக்கும் நாளிலேயே இந்தக் கட்டுரையைப் படித்துக் காட்டுங்கள்.

6. மறுபடி அதே நாட்டுக்குப் போகக் கடன் கேட்டால், பழைய பாக்கி இல்லை என்று தெரிந்த பிறகு கொடுங்கள். போய் இறங்கியதும் திருப்பி அனுப்பி விட்டால் விசாப் பணம், டிக்கெட் பணம் எல்லாம் போய்விடும். கடன் மட்டும் குழுவில் நிற்கும்.

நான்காவதாகச் சொன்னதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். ஆண்கள் ஃபைனை நம்மிடம் சொல்லாமல் மறைப்பது பெரும்பாலும் கெட்ட எண்ணத்தில் அல்ல. "அவ பயந்துருவா", "வீட்டுக்கு அனுப்புற பணம் கொறஞ்சா கேப்பா" என்ற தயக்கம்தான். அந்த மாதம் இரண்டாயிரம் குறைவாக வந்தாலும் பரவாயில்லை, பாக்கியைக் கட்டி விடுங்கள் என்று நாம் ஒரு வார்த்தை சொன்னால் அவருக்கும் பாரம் இறங்கும்.

கடனிலும் நெருப்பிலும் பகையிலும் மிச்சம் வைக்கக் கூடாது என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். வெளிநாட்டு ஃபைனும் அந்த வகைதான். சின்னதாக இருக்கும்போதே கட்டி முடிக்கச் சொல்வோம்.

இந்தக் கட்டுரையை அடுத்த குழுக் கூட்டத்தில் படிக்கத் தெரிந்த ஒருவர் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். சந்தேகம் இருந்தால் உங்கள் பிரதிநிதி மூலம் எழுதி அனுப்புங்கள். கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் சேர்ந்து பேசுவோம்.